இருட்டுமுன் திரும்புதல்: கொழும்புத் தமிழரின் ஒருநாள் பயணங்களும் அவற்றின் எல்லைகளும்

1. கேள்வி

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் ‘ஊருக்குப் போறது’ ஒன்று, ‘ட்ரிப் போறது’ வேறொன்று. முதலாவதில் ஒரு வீடு இருக்கிறது, குறைந்தது வீடு இருந்த காணியாவது இருக்கிறது. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹற்றனோ, போய் இறங்கினால் ‘வாங்கோ’ என்று சொல்ல ஆள் உண்டு. இரண்டாவதில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. விடியுமுன் வான் ஏறி, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தை வழியில் எங்காவது பிரித்துச் சாப்பிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரின் ஒருநாள் பயணம் எந்தத் திசையில் போவது என்பதை எது தீர்மானித்தது? தூரம் என்பது ஒரு விடை. பக்தி என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் யார் எந்த வீதியால் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்ற அனுமதியின் கதை இவ்விரண்டையும்விட வலுவானது என்பது என் வாதம். அந்த வாதம் எங்கே தளர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

2. எழுதப்பட்டவை

இலங்கையின் வீதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் நில அளவையாளரான ஆர். எல். புரோஹியர் முக்கியமானவர். 1965இல் வெளிவந்த அவருடைய ‘சீயிங் சிலோன்’ இடங்களின் வரலாறும் ஐதீகமும் தெரிந்த ஒருவரின் நூல். எந்தத் திசையிலும் காரைத் திருப்பக்கூடிய ஒரு வாசகரை நினைத்து எழுதப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. அவர் எழுதிய காலத்தில் அது இயல்பாகவே இருந்திருக்கும்.

மானிடவியலாளர் தலங்களை ஆராய்ந்தனர். கதிர்காமத்தைப் பற்றி கணநாத் ஒபேசேகர 1978இலும் பிரையன் பஃபன்பெர்கர் 1979இலும் எழுதிய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. முன்னேஸ்வரத்தைப் பற்றி ரொஹான் பஸ்ரின் 2002இல் ஒரு முழுநூலே எழுதினார். பல சமூகங்கள் ஒரே தலத்தில் வழிபடும்போது என்ன நிகழ்கிறது என்பதே இவர்களின் அக்கறை. பக்தர் தலத்தை அடைந்துவிட்ட பிறகுதான் இந்த ஆய்வுகள் சூடுபிடிக்கின்றன. மறுபுறம், சோதனைச்சாவடியை ஒரு மானிடவியல் பொருளாகவே எடுத்து பிரதீப் ஜெகநாதன் 2004இல் எழுதிய கட்டுரை, அங்கே நீட்டப்படும் அடையாள அட்டைக்குள் அடங்கியிருக்கும் அச்சத்தையும் அதிகாரத்தையும் நுட்பமாகக் காட்டுகிறது.

கோயிலைப் பற்றிய ஆய்வுகளையும் சாவடியைப் பற்றிய ஆய்வையும் சேர்த்து வாசிக்கும்போது நடுவே ஒரு வான் மட்டும் விடுபட்டுப் போகிறது. அட்டையைக் காட்டியவர்கள் சாவடியைத் தாண்டி ஒரு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் சாவடியைத் தாண்டித்தான் வந்தார்கள்.

3. இரண்டு புறப்பாடுகள்

கொட்டாஞ்சேனை நகரின் வடபகுதியில் இருக்கிறது. களனி ஆற்றைத் தாண்டினால் பேலியகொடை. அங்கிருந்து புத்தளம் வரை ஏ3 வீதி. வத்தளை, நீர்கொழும்பு, மாதம்பை, சிலாபம் என்று கடலை ஒட்டியே போகும் இந்த வீதி கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொல்லைப்புறம் போல. இந்துக்கள் சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தில் இறங்குவார்கள். கத்தோலிக்கர் புத்தளத்துக்கும் அப்பால், கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம் வரை போவார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் மெழுகுதிரி ஏற்றும் பகுதி இது. அதனால் தலவில வானிலும் திருநீறு பூசிய நெற்றிகள் இருக்கும்.

வெள்ளவத்தை நகரின் தெற்கில், காலி வீதியின் மேல் இருக்கிறது. ஏ2 வாசலிலேயே தொடங்குகிறது. தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் வெள்ளவத்தை வான்கள் தெற்கேதான் போயிருக்க வேண்டும். களுத்துறை, பெந்தோட்டை, பலப்பிட்டியில் மாது கங்கை எல்லாம் அந்த வழியில் இருக்கின்றன. ஆனால் என் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையிலிருந்து புறப்பட்ட வான்களில் பெரும்பாலானவை முழு நகரத்தையும் ஊடறுத்து வடக்கே போயின. அதிகாலை நான்கு மணிக்கே கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். விடிந்து வாகனம் கூடுமுன் களனிப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். நூலில் படித்ததல்ல, கண்டது. ஆகவே ஒரு சுற்றுவட்டாரத்தின் சான்றாக மட்டுமே இதை வைக்கிறேன்.

இந்தப் பயணங்களுக்கு ஒரு நடைமுறை ஒழுங்கும் உண்டு. முன்னேஸ்வரத்தில் அர்ச்சனை முடியும்வரை வானுக்குள் மரக்கறிச் சாப்பாடுதான். அர்ச்சனைத் தட்டு கைக்கு வந்ததும் பயணத்தின் இயல்பே மாறிவிடும். சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். நீர்கொழும்புக் கடற்கரையில் பிள்ளைகள் காற்சட்டையை மடித்துக்கொண்டு அலைக்குள் இறங்குவார்கள். போகும்போது தலையைத் திருப்பிக்கொண்ட அதே கருவாட்டுக் கடையில் திரும்பும்போது விலை பேசுவார்கள். யாத்திரையா சுற்றுலாவா என்ற ஆய்வுலகின் பழைய கேள்விக்கு வானுக்குள் இருந்தவர்களிடம் தெளிவான பதில் இருந்தது: நண்பகல் வரை ஒன்று, அதன் பிறகு மற்றது.

4. கிடைத்த ஈஸ்வரம்

இலங்கைச் சைவர் போற்றும் பஞ்ச ஈஸ்வரங்கள் ஐந்து: நகுலேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், திருக்கோணேஸ்வரம், முன்னேஸ்வரம், தொண்டேஸ்வரம். போர்க்காலத்தில் கொழும்பில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கண்ணால் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். கீரிமலை நகுலேஸ்வரம் 1990இல் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீஸ்வரம் போர்முனைக்கு அண்மையில் இருந்தது. திருக்கோணேஸ்வரம் பிரட்றிக் கோட்டைக்குள், படைமுகாமின் வாசலைக் கடந்து செல்லவேண்டிய இடத்தில் இருக்கிறது. தெற்கே தெவிநுவரையிலிருந்த தொண்டேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் 1588இலேயே அழித்துவிட்டனர். மிஞ்சியது முன்னேஸ்வரம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

அனுமதி ஒரு தலத்தின் இடத்தையே மாற்றிவிடும் என்பதற்குப் போருக்கு முந்திய சான்றும் உண்டு. 1870களில் காலரா அச்சத்தால் ஆங்கில ஆட்சி கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆண்டுகளில்தான் கொழும்புச் செட்டியார்தெருவிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமாகத் தேர் வரும் ஆடிவேல் விழா வேரூன்றியது. கதிர்காமத்துக்குப் போக முடியாதவர்களுக்காக முருகனே காலி வீதியில் எழுந்தருளினான். நகரத்துக்குள்ளேயே ஒருநாளில் முடியும் யாத்திரை அது. தடுக்கப்பட்ட நெடும்பயணம் ஒன்று குறும்பயணமாக உருமாறியதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சாவடிக்கு வருகிறேன். தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்படுகிறது. நாட்டின் ஏனைய பகுதிகளில் சிங்களம் மட்டும் இருந்த அட்டையில், வடக்கு கிழக்கில் தமிழும் சேர்ந்திருந்தது. தாய்மொழி இடம்பெற்ற அந்த அட்டையே சாவடியில் ஒருவரைத் தனியே நிறுத்தப் போதுமானதாகிவிட்டது. 2014இல்தான் எல்லோருடைய அட்டையும் இருமொழிக்கு வந்தது. எங்கள் வீட்டில் பயணத்துக்கான ஆயத்தம் சோறு வடிப்பதில் தொடங்கவில்லை. எல்லாருடைய ஐ.சி.யையும், வீட்டிலிருப்போரைப் பதிந்த பொலிஸ் படிவத்தின் பிரதியையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் அடுக்கி, அதை அம்மா தன் கைப்பையில் வைப்பதில்தான் தொடங்கியது. கற்பூரமும் தேங்காயும் அதற்குப் பிறகு.

ஒருமுறை ஒரு சாவடியில் எங்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். “எங்கே போகிறீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டவருக்கு என் தந்தை ஒரே சொல்லில் பதில் சொன்னார்: “கோவிலட்ட.” கோயில் என்ற சொல் சிங்களத்திலும் ஏறத்தாழ அதே சொல்தான். கேட்டவர் வானுக்குள் எட்டிப்பார்த்தார். மாலையும் பழத்தட்டும் தெரிந்தன. உறையைத் திருப்பித் தந்துவிட்டார். கடற்கரைக்குப் போகிறோம் என்று அன்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லிப் பார்க்கும் துணிவு எங்கள் வானில் யாருக்கும் இருக்கவில்லை. கோயில் எங்கள் பக்தியாக இருந்தது. எங்கள் பயணத்துக்கான நியாயமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

திரும்பும் நேரமும் இப்படித்தான். ஊரடங்கு இல்லாத நாளிலும் நாங்களே எங்களுக்கு ஓர் ஊரடங்கை வைத்துக்கொண்டோம். ஆறு மணிக்குள் களனிப் பாலம். நீர்கொழும்பில் சூரியன் மறைவதைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்.

இது மிகைப்படுத்திய அச்சம் என்று இன்று யாராவது சொன்னால், 2007 ஜூன் 7ஆம் திகதியை நினைவுபடுத்த வேண்டும். அன்று அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 350 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்டம்பரில், முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ட்ரிப் போன வான்களும், ஆட்களை ஏற்றிச்சென்ற பஸ்களும் கொழும்பை விட்டு வெளியேறியது ஏறத்தாழ ஒரே விடியற்காலைப் பொழுதில். தாமே விரும்பிப் புறப்படுவதற்கும் பிறரால் புறப்படவைக்கப்படுவதற்கும் இடையிலிருந்த மெல்லிய கோட்டை அந்த ஒழுங்கைகள் அறிந்திருந்தன.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முன்னேஸ்வரத்துக்குச் சிங்கள பௌத்தர்களும் பெருந்தொகையாக வருகிறார்கள். பஸ்ரினின் ஆய்வே அந்தப் பன்மையை மையமாகக் கொண்டது. அங்குள்ள பத்திரகாளி அம்மனிடம் நேர்த்தி வைக்க வரும் அவர்களுக்கு எந்தச் சாவடியும் வழிகாட்டவில்லை. தமிழரும் போருக்கு நெடுங்காலம் முன்பே அங்கே போனவர்கள்தான். ஆகவே போர் முன்னேஸ்வரத்தை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். பட்டியலிலிருந்த மற்றவற்றைப் போர் ஒவ்வொன்றாக நீக்கியது. நிலைத்து நின்றதன்மேல் எல்லாப் பாரமும் வந்து விழுந்தது.

5. வழியில் நிறுத்தும் இடங்கள்

சாரதியைப் பற்றி ஆய்வாளர் எழுதுவது குறைவு. ஆனால் வானில் மிக முக்கியமானவர் அவர்தான். ஏ3 வழியாகச் சிலாபம் போகும்போது மாதம்பையில், பாயும் குதிரையின் சிலை நிற்கும் தனிவெல்ல தேவாலயத்தில் பல சாரதிகள் வேகத்தைக் குறைத்து, இறங்கி உண்டியலில் காசு போடுவார்கள். தெற்கே போகும் வாகனங்களுக்குக் களுத்துறைப் போதிமரம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார். அங்கே தேங்காய் உடைக்காமல் நகரும் வாகனத்தைக் காண்பது அரிது. தெய்வம் வேறு, மதம் வேறு, மொழி வேறு; செய்கை ஒன்று. இறங்கு, காசு போடு, கும்பிடு, ஏறு.

வீதியில் போகிறவரின் அச்சம் எல்லாச் சமூகத்துக்கும் பொது. எங்கள் குடும்பம் வாடகைக்கு அமர்த்திய வான்களின் சாரதிகளில் சிங்களவர் பலர். மாதம்பையில் சாரதி இறங்கும்போது அம்மா ஜன்னல் வழியாக ஒரு நாணயத்தைக் கொடுத்துவிடுவார். முன்னேஸ்வரத்தில் அவரும் எங்களோடு உள்ளே வந்து திருநீறு வாங்கிக்கொள்வார். சாவடியில் பேசுவதும் அவர்தான். தன் வாகனத்தில் இருப்பவர்களுக்காக அவர் சொன்ன இரண்டு மூன்று சிங்கள வாக்கியங்கள் எத்தனையோ குடும்பங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. இந்த நாட்டின் இன உறவுகளைப் பற்றி எழுதப்படும் வரலாற்றில் வாடகை வான் சாரதிக்கு ஓர் அத்தியாயம் வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

6. எரிபொருளின் வட்டம்

அனுமதி பொலிஸிடம் மட்டும் இருப்பதல்ல. 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. ஜூலை முற்பகுதி வரை தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த கியூ.ஆர். முறையில் தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடும் கார் அதில் 220 கிலோமீற்றர் போகும். வெள்ளவத்தையிலிருந்து முன்னேஸ்வரம் போய்வர 170க்கு மேல். ஒரு அர்ச்சனை, வாரத்தின் பெரும்பகுதியைக் குடித்துவிடும். 2023 செப்டம்பரில் இந்த முறை முடியும்வரை, சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எல்லோருடைய பயணத்தையும் ஒரே வட்டம் அடைத்து வைத்திருந்தது. அந்தச் சமத்துவத்தை யாரும் விரும்பிப் பெறவில்லை.

ஜேர்மனியும் இப்படி ஒரு காலத்தைக் கண்டது. எண்ணெய் நெருக்கடியால் 1973 நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு ஜேர்மனியில் தனியார் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் நகரைவிட்டு ஏரிக்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போய் மாலையில் திரும்புவது அந்த நாட்டு நகரவாசியின் பழக்கம். அதை நிறுத்தியபோது நாடே அதை நினைவில் வைத்துக்கொண்டது.

7. ஹம் நகரத்துக்குப் போகும் கார்கள்

அதே ஜேர்மனிக்கு 1980களில் அகதிகளாகப் போன ஈழத்தமிழர் வேறொரு ஜேர்மனியைக் கண்டனர். தஞ்சம் கோரியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். பக்கத்து நகரிலிருக்கும் சகோதரனைப் பார்க்கப் போவதும் குற்றமாகியிருக்கலாம். கொழும்புச் சாவடிகளில் காகிதங்கள் அடங்கிய உறையோடு நின்றவர்கள், அதைவிட்டுத் தப்பிப் போன இடத்திலும் காகிதத்தின் எல்லைக்குள் நின்றார்கள். இரண்டு நாடுகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை; அச்சத்தின் அளவில் வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் ஒருநாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும் வாழ்க்கையை அந்தத் தலைமுறை இரு கண்டங்களிலும் வாழ்ந்தது.

வதிவுரிமை கிடைத்ததும் அவர்கள் காரை எங்கே ஓட்டினார்கள் என்பதுதான் சுவையான சான்று. வெஸ்ட்பாலியாப் பகுதியின் ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேருக்கு, ஜேர்மனியின் பெருநகரங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் பேர் அதிகாலையில் கார் ஏறி வருகிறார்கள்; பலர் இரவே திரும்புகிறார்கள். தீர்த்தம் அங்குள்ள கால்வாயில். கத்தோலிக்கத் தமிழர் ஆண்டுதோறும் ஓகஸ்டில் கெவலார் மாதாவிடம் கூடுகிறார்கள். முன்னேஸ்வரமும் அதன் தீர்த்த ஆறான தெதுறு ஓயாவும், தலவிலவும் அன்னம்மாளும், வேறு பெயர்களில் வேறு நெடுஞ்சாலைகளின் முடிவில் மீண்டும் அமைந்துவிட்டன. அங்கே ‘எங்கே போகிறாய்’ என்று கேட்க யாரும் இல்லை. இருந்தும் போவது கோயிலுக்குத்தான். கோயில் வெறும் சாவடிக்கான பதிலாக மட்டும் இருந்ததில்லை என்பதை ஹம் காட்டுகிறது. என் வாதத்தின் முதல் தளர்வு இங்கே.

8. தெனவரை

இரண்டாவது தளர்வு இன்னும் அருகில் இருக்கிறது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 27இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை காலி வரை திறக்கப்பட்டது; 2014இல் மாத்தறை, 2020இல் மத்தல, அம்பாந்தோட்டைப் பக்கம். வடக்கே கட்டுநாயக்க நெடுஞ்சாலை 2013இல். சாவடிகள் அகன்றதும் சாலைகள் நீண்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரவு தங்கியே ஆகவேண்டிய இடமாக இருந்த கதிர்காமம் இன்று விடியற்காலைப் புறப்பாட்டில் அடங்கிவிடுகிறது. கதிர்காமத்திலிருந்த இராமகிருஷ்ண மிஷன் மடத்தை 1970களில் அரசு கையேற்ற பிறகு, தங்குமிடம் தேடி அலைந்த தலைமுறைக்கு இதை நம்புவதே கடினம்.

சாலை திறந்தால் பட்டியலும் திறந்திருக்க வேண்டும். தெவிநுவரை இப்போது வெள்ளவத்தையிலிருந்து மூன்று மணிநேரத்துக்குள். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று நின்ற மண். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹி 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி, அங்கே எழுந்தருளியிருந்த தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. சீன, பாரசீக, தமிழ் மொழிகள் பொறிக்கப்பட்ட அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அது நாயனாரைத் திருமாலாகவே கொள்கிறது. இன்று அங்கிருப்பதும் விஷ்ணு தேவாலயமே. தொண்டேஸ்வரம் என்ற சைவ நினைவுக்கும் இந்தக் கல்லின் சாட்சியத்துக்கும் இடையிலான உறவு தனியாக ஆராயவேண்டியது.

ஆனால் வான்கள் அங்கே திரும்பவில்லை. தெற்கு நெடுஞ்சாலையில் போகும் வெள்ளவத்தைக் குடும்பங்கள் காலிக் கோட்டையிலோ மிரிசக் கடற்கரையிலோ இறங்குகின்றன. இல்லாவிட்டால் நேரே கதிர்காமம். தெவிநுவரையில் தமிழில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்க ஒரு குருக்கள் இல்லை, மதியம் அன்னதானத்துக்கு உட்கார ஒரு மண்டபம் இல்லை, ‘போன வருசம் நாங்கள் போனனாங்கள்’ என்று சொல்லும் ஒரு மாமி இல்லை. அனுமதி வழியைத் திறந்துவிடும். போகும் பழக்கத்தை அது தருவதில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் அறுந்த பழக்கம், பத்தாண்டுச் சாலையால் முடிச்சுப் போடப்படவில்லை.

சென்ற ஆண்டு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். மும்மொழிக் கல்லின் தமிழ் எழுத்துகளை மகள் விரல் படாமல் காற்றில் தொடர்ந்து வாசிக்கப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு தெவிநுவரைக்குக் காரை எடுத்தோம். புறப்படும்போது அம்மா பழக்கத்தில் கேட்டார், எல்லாருடைய ஐ.சி.யும் எடுத்தாச்சா என்று. எடுத்திருந்தோம். வழியில் யாரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பிள்ளைகள் மாத்தறைக் கடற்கரையில் காரை நிறுத்தச் சொன்னார்கள். சூரியன் முழுதாக இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.